விடுபட்ட உறுப்புக்கு ஓர் இடம்

"கணக்குப் பாடத்தைப் பற்றியா மலரில் எழுதப் போகிறாய்? பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்!" என்று என் அறைத் தோழன் எச்சரித்தான். அவன் தமிழ் இலக்கியம் பயில்பவன். காதலைப் பாடினால் கைதட்ட ஆள் உண்டு, பல்லுறுப்புக் கோவையைப் பாடினால் யார் வருவார்கள் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் மூன்றாண்டுகள் இக்கல்லூரியில் கணிதம் பயின்று வெளியேறப் போகும் நான், நெஞ்சில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது பல்லுறுப்புக் கோவைகளின் நீள் வகுத்தலைப் பற்றியது.

சிரிக்க வேண்டாம், நண்பர்களே! ஒன்பதாம் வகுப்பில் நாம் எல்லோரும் அந்தப் பக்கத்தைக் கடந்துதான் வந்திருக்கிறோம். சிலர் தாண்டினோம். சிலர் தடுக்கி விழுந்தனர். விழுந்தவர்களுள் பலர் பிறகு எழவே இல்லை. நம் வட்டாரத்தில் அவர்களை எங்கே காணலாம் தெரியுமா? விடியற்காலையில் பாகலூரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் ஓசூர் சிப்காட்டை நோக்கி விரையும் கம்பெனிப் பேருந்துகளில் காணலாம். தொழிற்சாலை வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தச் சம்பளத்தால்தான். விரும்பிப் போவது வேறு, வேறு வழி அடைபட்டதால் போவது வேறு. வழி அடைபட்ட இடங்களுள் ஒன்று இந்த வகுத்தல் கணக்கு என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

எனவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீள் வகுத்தலை நாம் அவசரமாகக் கடக்கிறோம். காரணம் சொல்லாமல் கடக்கிறோம். குறுக்கு வழியை முன்னே வைத்து, நேர்வழியைப் பின்னே தள்ளிவிட்டோம். இதை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குப் பெரும் பணமோ புதிய கட்டடமோ தேவையில்லை. பொறுமை ஒன்றே போதும்.

என் பிழை

பிறரைக் குறை கூறும் முன் என் கதையைச் சொல்வதே முறை. இங்கே ஒரு சிறு குறிப்பு: பாடநூலில் எக்ஸ் என்று அச்சிடும் மாறியை நான் ‘ய’ என்றே எழுதுகிறேன். எழுத்து எதுவானால் என்ன? பெயர் தெரியாத ஓர் எண்ணுக்கு அது அடையாளம், அவ்வளவே.

முதலாண்டின் முதல் பருவத் தேர்வில் ஒரு வினா வந்தது. ய³ − 7ய + 6 என்ற கோவைக்கு ய − 2 ஒரு காரணியா என்று காண வேண்டும். எனக்கு உள்ளம் துள்ளியது. தொகுமுறை வகுத்தல் எனக்குத் தலைகீழ்ப் பாடம்! கெழுக்களை வரிசையாக எழுதினேன்: 1, −7, 6. பக்கத்தில் 2. ஒன்றை இறக்கினேன். இரண்டால் பெருக்கிக் கூட்டினேன், −5 வந்தது. மறுபடி பெருக்கிக் கூட்டினேன், −4 வந்தது. மீதி −4. ஆகவே காரணி அன்று என்று எழுதி, அடிக்கோடும் இட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முழுப் பிழை! ய இருக்கும் இடத்தில் 2-ஐப் போட்டுப் பாருங்கள். 8 − 14 + 6 = 0. மீதி சுழி. ய − 2 காரணியேதான்! நான் எங்கே தவறினேன்? அந்தக் கோவையில் ய² இல்லை. இல்லாத அந்த உறுப்புக்கு ஒரு சுழியை எழுதி, 1, 0, −7, 6 என்று நான்கு இடங்களை வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் 1, 2, −3, 0 என்று வரும். ஈவு ய² + 2ய − 3, மீதி சுழி. நான் மூன்றே இடங்களை வைத்ததால் முப்படிக் கோவை என் கையில் இருபடிக் கோவையாகக் குறுகிவிட்டது.

அந்தத் தாளில் நான் தேறவில்லை. அரியர் எழுதித்தான் கரையேறினேன். மதிப்பெண் போனதைவிட என்னை வருத்தியது வேறொன்று. ‘சுழி போட மறந்தேன்’ என்று எல்லோரும் சொன்னார்கள். மறதியா அது? இல்லை. அங்கே சுழி ஏன் வர வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஏன் என்று தெரிந்த ஒன்றை மனிதன் அத்தனை எளிதில் மறப்பதில்லை. காரணம் தெரியாமல் கைப்பழக்கமாகக் கற்றதைத்தான் மறக்கிறான்.

எண்ணும் கோவையும்

அரியருக்காகப் படித்த விடுமுறையில், எங்கள் ஊர் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாங்கனிக்குப் பெயர் பெற்ற மாவட்டமல்லவா நமது! அங்கே உட்கார்ந்து எண்களை வகுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது.

2798 மாங்காய்களை 12 பேருக்குச் சமமாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் கற்ற வழிதான். 27 நூறுகளில் 12 இரண்டு முறை போகும். 24 போக 3 நூறு நிற்கும். 9-ஐ இறக்கினால் 39 பத்துகள். மூன்று முறை போக 3 நிற்கும். 8-ஐ இறக்கினால் 38. மூன்று முறை போக 2 நிற்கும். ஈவு 233, மீதி 2.

இப்போது 2ய³ + 7ய² + 9ய + 8 என்ற கோவையை ய + 2 என்பதால் வகுத்துப் பாருங்கள். தலை உறுப்பாகிய 2ய³-ஐ ய-ஆல் வகுத்தால் 2ய². அதை ய + 2 ஆல் பெருக்கினால் 2ய³ + 4ய². கழித்தால் 3ய² நிற்கும். 9ய-ஐ இறக்குங்கள். 3ய²-ஐ ய-ஆல் வகுத்தால் 3ய. பெருக்கினால் 3ய² + 6ய. கழித்தால் 3ய நிற்கும். 8-ஐ இறக்குங்கள். ஈவில் 3. பெருக்கினால் 3ய + 6. கழித்தால் 2. ஈவு 2ய² + 3ய + 3, மீதி 2.

அதே 2, 3, 3! அதே மீதி 2! ய என்பது பத்தானால் ய + 2 என்பது 12, ய² என்பது நூறு, ய³ என்பது ஆயிரம். மாங்காய் மண்டியில் நான் போட்ட கணக்கும் பாடநூலில் இருந்த கணக்கும் ஒன்றே! எல்லா எண்ணுக்கும் இப்படி இலக்கத்துக்கு இலக்கம் பொருந்திவிடாது என்பது உண்மை. எண்ணில் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஏறிவிடும், குறைந்தால் பக்கத்து இடத்தில் கடன் வாங்க வேண்டும், ‘எத்தனை முறை போகும்’ என்று ஊகிக்கவும் வேண்டும். கோவையில் ஏற்றமும் இல்லை, கடனும் இல்லை, ஊகமும் இல்லை. தலை உறுப்பைத் தலை உறுப்பால் வகுத்தால் போதும். ஆகவே கோவை வகுத்தல் எண் வகுத்தலைவிட எளியது என்றே துணிந்து சொல்வேன். ஒன்பதாம் வகுப்பில் இந்த ஒரு வாக்கியத்தை எவரேனும் என்னிடம் சொல்லியிருந்தால்!

சரி, அந்தச் சுழி? அதற்கு விடை நம் பழந்தமிழ் எண்களில் இருக்கிறது. பழைய முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. 2798 என்பதை ௨௲௭௱௯௰௮ என்று எழுதினார்கள். இரண்டு ஆயிரம், ஏழு நூறு, ஒன்பது பத்து, எட்டு. இதற்கும் 2ய³ + 7ய² + 9ய + 8 என்பதற்கும் என்ன வேற்றுமை? 2008 என்பதை ௨௲௮ என்று எழுதிவிடலாம். நூறும் பத்தும் இல்லை, ஆகவே எழுதவில்லை. குழப்பமும் இல்லை, ஏனெனில் ஒவ்வோர் எண்ணும் தன் பெயரைத் தானே தாங்கி நிற்கிறது.

கோவையும் அப்படித்தான். ய³ − 7ய + 6 என்று எழுதும்போது ய² இல்லாதது குறையன்று. உறுப்புகள் தத்தம் பெயரோடு நிற்கின்றன. ஆனால் தொகுமுறை வகுத்தலில் நாம் பெயர்களை அழித்துவிட்டுக் கெழுக்களை மட்டும் எழுதுகிறோம். பெயர் போன பிறகு இடம்தான் பெயர். அங்கே சுழி இட்டு இடம் காக்காவிட்டால், 2008 என்பது 28 ஆகிவிடும்! ஆயிரக்கணக்கில் கடன் வாங்கியவன் இருபத்தெட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது போலத்தான் நான் அந்தத் தேர்வில் செய்திருந்தேன்.

பத்தொன்பது வயதுக்காரர்

அதன் பிறகு இந்த வகுத்தலை முதலில் செய்தவர் யார் என்று தேடினேன். நம் வயதொத்த ஒருவரின் பெயர் கிடைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-சமவால் என்பவர் தம் பத்தொன்பதாம் வயதில் ‘அல்-பாஹிர்’ என்ற இயற்கணித நூலை எழுதினார். பல்லுறுப்புக் கோவையைப் பல்லுறுப்புக் கோவையால் வகுக்கும் முறையை அதில் கட்டம் கட்டமாகக் காட்டியிருக்கிறார். அக்காலத்தில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை, கூட்டல் கழித்தல் குறிகளும் இல்லை. அவர் ஓர் அட்டவணை வரைந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, அவற்றில் கெழுக்களை எழுதினார். அடுக்குக்கென்று இடம் முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டதால் உறுப்பு இல்லாவிட்டாலும் இடம் இருக்கும். என் பிழையை அவர் செய்திருக்க வழியே இல்லை!

அவருடைய கணக்குகளுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. 20ய² + 30ய என்பதை 6ய² + 12 ஆல் வகுக்கிறார். முதலில் 3⅓. மீதி தீரவில்லை. நாமாக இருந்தால் அங்கேயே நிறுத்தி ‘மீதி’ என்று எழுதிவிடுவோம். அவர் நிறுத்தவில்லை. அட்டவணையை வலப்புறம் நீட்டி 1/ய, 1/ய² என்று மேலும் மேலும் போகிறார். கெழுக்கள் 3⅓, 5, −6⅔, −10, 13⅓, 20, −26⅔, −40 என்று வருகின்றன. ஓர் இடம் விட்டு அடுத்ததைப் பாருங்கள். முந்தியதை −2 ஆல் பெருக்கினால் வந்துவிடுகிறது! அந்த ஒழுங்கை அவர் கண்டுகொண்டார். இனி எத்தனை உறுப்பு வேண்டுமானாலும் வகுக்காமலே எழுதலாம். இத்தகைய ஒழுங்கு மீதி தீராமல் நீண்டதால் கண்ணில் பட்டது. குறுக்கு வழியில் ஓடியவனுக்கு அது தென்பட்டிருக்குமா?

நான்கு மொழி, ஒரு மீதி

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது, வீடுகளில் இல்லை. என் வீட்டில் பேசுவது தெலுங்கு. தளிப் பக்கத்து நண்பர்கள் வீட்டில் கன்னடம். கிருஷ்ணகிரிப் பழையபேட்டை நண்பர் வீட்டில் உருது. எல்லோரும் தமிழ்வழியில் படித்தோம், தமிழை நேசிக்கிறோம். ஆயினும் வகுப்பில் முதன்முதலாக ஒரு கலைச்சொல் காதில் விழும்போது, அது வீட்டுச் சொல்லோடு போய் ஒட்டிக்கொள்ள இடம் தேடுகிறது.

சென்ற ஆண்டு விடுதியில் முதலாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கணக்குக் கேட்க வந்தான். கன்னடம் பேசும் குடும்பம். கோவையின் ‘படி’ என்ன என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான். "அண்ணா, படின்னா மாடிப்படியா, அளக்குற படியா, பாடம் படியா?" என்றான். நான் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். அவன் கேட்டதில் என்ன தவறு? ‘மிகப் பெரிய அடுக்கு எதுவோ அதுவே படி’ என்ற இரண்டு விநாடிப் பேச்சை அவனிடம் யாரும் பேசியிருக்கவில்லை.

அன்றிரவு அவனுக்கு ‘ஈவு’ என்றால் ஒவ்வொருவருக்கும் ஈந்த பங்கு என்று சொன்னேன். ‘மீதி’ என்றால்? "உளிதத்து" என்றான் அவன். எங்கள் வீட்டில் "மிகிலிந்தி" என்போம் என்றேன் நான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த உருது பேசும் நண்பர், "எங்க வீட்டுல பாக்கி" என்று குரல் கொடுத்தார். பாக்கி! அரபு மொழியில் பிறந்து, உருது வழியாக நம் மளிகைக் கடை நோட்டு வரை வந்து உட்கார்ந்திருக்கும் சொல். நான்கு மொழியிலும் பொருள் ஒன்றே: பங்கிட்டது போக நிற்பது. அன்று அவன் போட்ட வகுத்தல் கணக்கை அவன் மறந்திருக்க மாட்டான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதனால் தமிழ்க் கலைச்சொற்களைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 இல் பிறந்த இராஜாஜி, 1916 ஆம் ஆண்டு சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்ற முன்நின்றவர்களுள் ஒருவர். அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதே அச்சங்கத்தின் நோக்கம். அந்நாளில் நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. அத்தகைய மண்ணில் பிறந்த நாம் கலைச்சொல்லை விட்டுவிடுவதா? கூடாது. ஆனால் சொல்லை ஆக்கினால் மட்டும் போதாது, அது மாணவன் வீட்டு வாசல் வரை போய்ச் சேர வேண்டும் என்பதே என் வாதம்.

"இது எதற்கு உதவும்?"

‘கணிப்பொறி வந்துவிட்டது, கைப்பேசியே வகுத்துத் தருகிறது, இந்தத் தலைவலி எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நம் ஊர்த் தொழிற்சாலைகளிலிருந்தே விடை சொல்லலாம்.

ஓசூரில் லாரிகளும் இருசக்கர வண்டிகளும் உருவாகின்றன. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆலை எழுந்திருக்கிறது. இன்றைய வாகனத்தில் பல சிறு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று ஓயாமல் செய்தி பேசிக்கொள்கின்றன. அதற்குப் பரவலாகக் கையாளப்படும் முறை, ‘கேன்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பின்னல். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதை 1986 இல் அறிமுகப்படுத்தியது. கம்பி வழியே போகும் செய்தி சிதைந்துவிட்டால்? பிரேக் பற்றிய செய்தி பிழையாகப் போனால் என்ன ஆகும்? அதைக் கண்டுபிடிக்கக் கையாளும் வழி, பல்லுறுப்புக் கோவை வகுத்தலேதான்!

செய்தி என்பது 1, 0 என்ற இலக்கங்களின் வரிசை. அவற்றைக் கெழுக்களாகக் கொண்டால் செய்தியே ஒரு கோவை ஆகிவிடும். அனுப்புகிறவர் அதை முன்பே ஒப்புக்கொண்ட ஒரு கோவையால் வகுத்து, மீதியைச் செய்தியின் வாலில் ஒட்டி அனுப்புகிறார். பெறுகிறவர் மொத்தத்தையும் அதே கோவையால் வகுக்கிறார். மீதி சுழியானால் செய்தியை ஏற்கலாம். சுழி இல்லையேல் வழியில் சிதைந்துவிட்டது, மீண்டும் அனுப்ப வேண்டும்.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. இங்கே ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் சுழி, கூட்டலும் கழித்தலும் ஒன்றே. செய்தி 1101. வகுக்கும் கோவை ய³ + ய + 1, அதாவது 1011. செய்தியின் பின்னால் மூன்று சுழிகளைச் சேர்த்து 1101000 என்பதை 1011 ஆல் வகுத்தால் மீதி 001. ஆகவே 1101001 என்று அனுப்ப வேண்டும். பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நான்கே வரியில் முடியும். இப்போது வகுக்கும் கோவையைக் கவனித்தீர்களா? ய² இல்லை. அங்கே ஒரு சுழி நிற்கிறது.

‘கேன்’ முறையில் வகுக்கும் கோவை பதினைந்தாம் படியைச் சேர்ந்தது: ய¹⁵ + ய¹⁴ + ய¹⁰ + ய⁸ + ய⁷ + ய⁴ + ய³ + 1. இலக்கமாக எழுதினால் 1100010110011001. பதினாறு இடங்கள். எட்டில் உறுப்பு உண்டு, எட்டில் இல்லை. இல்லாத எட்டுக்கும் இடம் விட்டால்தான் வண்டி ஓடும்! இந்தக் கோவையைத் தொகுமுறையில் பள்ளியில் கற்ற வடிவத்தைக் கொண்டு கையாள முடியாது. அது ய − 2, ய + 3 போன்ற ஒருபடிக் கோவைகளோடு நின்றுவிடும். நீள் வகுத்தல் ஒன்றே எந்தப் படிக்கும் துணை வரும்.

இவ்வகைச் சோதனையைப் பற்றிப் பீட்டர்சன், பிரௌன் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1961 இல் வெளிவந்தது. அதற்கு முன் எண்ணூறு ஆண்டுகள் இந்த வகுத்தல் ‘எதற்கு உதவும்’ என்று தெரியாமலேகூடப் பயிலப்பட்டது. பயன் பின்னால் வந்தது.

மறுப்புகளும் விடைகளும்

"தொகுமுறை வகுத்தல் கூடாதா?" என்று கேட்பீர்கள். கூடும்! அது நீள் வகுத்தலின் பகையன்று, அதன் சுருக்கெழுத்து. முன்னே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2, 7, 9, 8 என்ற கெழுக்களை −2 கொண்டு தொகுத்தால் 2, 3, 3, 2 என்று ஒரே வரியில் விடை நிற்கும். நீள் வகுத்தலில் திரும்பத் திரும்ப எழுதிய ய, ய², ய³ எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது அந்த வரிதான். நேர்வழி தெரிந்தவனுக்குக் குறுக்கு வழி வரம். தெரியாதவன் அதில் நுழைந்தால் வழி தவறியதே அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லையே!

"பாடத்திட்டம் பெரிது, நேரமில்லை" என்று நம் பேராசிரியர்கள் சொல்வதையும் நான் அறிவேன். அவர்கள் மீது பழியில்லை. ஆனால் முதலாண்டில் மிச்சப்படுத்திய நேரத்தை மூன்றாம் ஆண்டில் வட்டியோடு செலவழிக்கிறோம். தொகை நுண்கணிதத்தில் பகுதிப் பின்னமாக்கும் முன் வகுக்க வேண்டியிருக்கிறது. சமன்பாட்டியலில் மூலம் காண வகுக்க வேண்டியிருக்கிறது. நவீன இயற்கணிதத்தில் கோவைகளின் வளையம் வரும்போது, ‘மீதியின் படி வகுத்தியின் படியைவிடச் சிறியது’ என்ற ஒரே செய்தியின் மேல் பெரும் மாளிகையே எழும்புகிறது. அடித்தளம் ஆடினால் மாளிகை என்னாகும்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: முதலாண்டுக் கணித வகுப்பின் தொடக்கத்தில் சில மணி நேரம் நீள் வகுத்தலுக்கு ஒதுக்கப்பட வேண்டும். எண் வகுத்தலையும் கோவை வகுத்தலையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்ட வேண்டும். தொகுமுறை அதன் பிறகே வரட்டும்.

இரண்டு: ‘ஈவு × வகுத்தி + மீதி’ என்று சரிபார்த்துக் காட்டும் மாணவனுக்கு வகுப்புத் தேர்விலாவது ஒரு மதிப்பெண் தாருங்கள். தன் விடையைத் தானே சோதிப்பவன் பிறர் தயவில் நிற்பதில்லை. அன்று நான் சரிபார்த்திருந்தால் அரியர் ஏது?

மூன்று: இது மூத்த மாணவர்களாகிய நமக்கு. வாரத்தில் ஒரு மாலை, அரை மணி நேரம், ஊர்ப் பேருந்து வரும் வரை முதலாண்டுத் தம்பி தங்கையரோடு மரத்தடியில் அமர்வோம். தெலுங்கு தெரிந்தவர் தெலுங்கிலும் கன்னடம் தெரிந்தவர் கன்னடத்திலும் உருது தெரிந்தவர் உருதுவிலும் விளக்கிவிட்டு, தமிழ்க் கலைச்சொல்லைக் கடைசியில் கையில் கொடுப்போம். விடுதியில் எங்கள் அறையில் இது சென்ற ஆண்டே தொடங்கிவிட்டது. இப்போது ஐந்து பேர் வருகிறார்கள்.

முடிக்கும் முன் ஒன்று. எங்கள் ஊரில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் அமர்ந்தவன் ஒருவன். கணக்கில் தவறிப் படிப்பை விட்டான். இன்று சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. உலோகத் துண்டை வெர்னியர் அளவியில் வைத்த மாத்திரத்தில் மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்கு வரை படித்துச் சொல்லிவிடுவான். மூளை இல்லாதவனா அவன்? பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இரவுப் பணிக்குப் பேருந்தை எதிர்பார்த்துக் கூட்டுரோட்டில் நின்றவனிடம் பழந்தமிழ் எண் கதையைச் சொல்லி, சுழி ஏன் வர வேண்டும் என்று மண்ணில் எழுதிக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இவ்வளவுதானாடா? அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்றான். பேருந்து வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இனிமேல் அதைக் கேட்கும் நிலை நம் கல்லூரிக்கு வரும் ஒருவருக்கும் வரக் கூடாது என்பதே என் விழைவு. ய² இல்லாத கோவையிலும் ய²-க்கு ஓர் இடம் வைக்கிறோம். வகுப்பில் பின்தங்கியவனுக்கும் அப்படி ஓர் இடம் வைப்போம். வாருங்கள் நண்பர்களே, மரத்தடியில் சந்திப்போம்!